காலிப் பெட்டி ஆடக் கூடாது

எங்கள் ரத்த வங்கியில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைப் பார்த்துக்கொண்டவள் ஜூராகான். சிவப்பு ரத்தம் குளிர்பெட்டியில் நிம்மதியாகத் தூங்கும். தட்டணுக்களுக்கோ அறைச்சூடு வேண்டும், ஓயாத ஆட்டமும் வேண்டும். அசையாமல் கிடந்தால் செத்துப்போகும். அதற்கென்று ஒரு பெட்டி இருந்தது, உள்ளே இடவலமாக ஆடும் தட்டுகளோடு.

ஜூராகானுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தொட்டிலிலேயே போய்விட்டன. காலித் தொட்டிலை ஆட்டினால் பிள்ளை தங்காது, சிறுமியாக இருந்தபோது ஆட்டியிருப்பாள் என்று மாமியார் சொன்னார். கிர்கிஸ் வீடுகளில் இதற்கெல்லாம் சாட்சி கேட்பதில்லை. அவளும் நம்பிவிட்டாள். ஆகவே கடைசிப் பை வெளியேறியதும் பெட்டியை நிறுத்துவாள். அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் செய்வாள். காலித் தொட்டிலைக் கண்கொண்டு பார்க்க அவளால் ஆகாது.

மாஸ்கோவில் படித்த இயக்குநர் சகின்பெக்குக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"ஏம்மா, இதுக்குத் தாலாட்டும் உண்டா?"

"பாடச் சொன்னா பாடறேண்ணே. காலியா மட்டும் ஆட விடமாட்டேன்."

அவளைச் சீண்டுவதற்காகவே வெறும் பெட்டியை ஓடவிட்டுப் போகிறவர்களும் எங்களில் உண்டு.

நோரூஸ் புத்தாண்டு விடுமுறைக்கு முந்தைய நாள், பெட்டியை நிறுத்திவிட்டு, இருந்த ஒரே பையைப் பிரசவப் பிரிவுக்கு எடுத்துப் போனாள். அவள் இல்லாத நேரத்தில் இன்னொருத்தி புதுப் பை ஒன்றை அடித்தட்டில் வைத்து, பெட்டியை ஓடவிட்டு, பண்டிகைக்குக் கிளம்பிவிட்டாள். வார்டில் இருந்த பூரூல் என்பவளின் மகளுக்கு ரத்தப்புற்று. ரத்தக்கசிவு வந்தால் ஏற்றவேண்டிய பை அது. கணவாயில் பனி. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வேறு பை வர வழியில்லை.

திரும்பி வந்த ஜூராகான் பெட்டி ஆடுவதைக் கண்டாள். பழைய குறும்பு என்று நினைத்து நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

விடுமுறை முடிந்த காலையில் பூரூலின் மகளுக்கு மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. பையை வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றினார்கள். உயிருள்ள தட்டணுக்கள் புகைபோல மின்னிச் சுழலும். இதில் ஒன்றுமில்லை.

"யாரு நிறுத்தினது?" என்றார் சகின்பெக்.

"நான்தாண்ணே. யாரோ வெளையாடுறாங்கன்னு நெனச்சேன்."

"குனிஞ்சு பாத்தா கழுத்தா சுளுக்கிடும்?"

"காலின்னு தெரிஞ்சப்புறம் எப்படிப் பாக்கறது?"

வாசலில் நின்று பூரூல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடிக்கட்டும் என்று நாங்கள் வழிவிட்டோம்.

"காலின்னுதானே நெனச்சே?"

"ஆமாக்கா."

"அப்ப நானும் நிறுத்தியிருப்பேன்," என்றாள் பூரூல்.

ஜூராகான் தரையில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பால் அடித்திருந்தால் நின்றிருப்பாள்.

கணவாய் திறப்பதற்குள் மகள் போய்விட்டாள். பை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டி இனி நிற்கவே கூடாது என்று உத்தரவு போட்டார் சகின்பெக். சுவிட்சையும் தானே போட்டார். வெறும் தட்டுகள் ஆடத் தொடங்கின. ஜூராகான் வெளியே போனாள். விஞ்ஞானம் ஜெயித்ததை அவர் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு கை நீட்டிச் சுவிட்சை அணைத்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மருமகளுக்கு எட்டாம் மாசம்," என்றார்.