அண்ணி எண்ணிய மூன்றாவது பக்கம்

எம்.எஸ்ஸி. ஆய்வேட்டுக்கு எனக்கு முக்கோணக் கட்டத்தாள் வேண்டியிருந்தது. ஒரு மண்ணில் மணல், வண்டல், களி மூன்றும் நூற்றுக்கு எவ்வளவு என்பதை ஒரே புள்ளியில் காட்டும் தாள். காஞ்சிபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். சதுரக் கட்டம்தான் கிடைத்தது. எங்கள் அண்ணி பட்டுப்புடவைக் கரைகளுக்குக் கட்டம் கட்டமாக டிசைன் கிராஃப் போடுகிறவர். ஒரே ஒருமுறை விளக்கினேன். மறுநாள் மத்தியானம் முக்கோணம் தயார். ஒரு கோடு பிசகவில்லை.

ஏனாத்தூர், ஐயம்பேட்டை மண்ணின் புள்ளிகளெல்லாம் அதில் ஒரே கூட்டமாக விழுந்தன. திருமுக்கூடல் புள்ளி மட்டும் தள்ளி நின்றது. மூன்று ஆறு கூடும் இடத்தில் களி அதிகம் என்று அதை நம்பி ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன். ஆய்வேட்டைக் கொடுக்க நான்கே நாள் இருந்தது.

"புள்ளிய எப்படிமா வச்சே?" என்றார் அண்ணி.

"மணலையும் களியையும் பார்த்தா போதும் அண்ணி. வண்டல் தானா வந்துடும்."

"எண்ணின பக்கத்துலருந்தே எண்ணிக்கினு இருந்தா தப்பு எப்படித் தெரியும்?"

கிராஃப் போட்டதும் தாளைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணுவது அவர் வழக்கம். ஒரு கட்டம் தப்பினால் புடவை நெடுக அதே தப்பு வரும். என் தாளையும் திருப்பி, வண்டல் பக்கத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார். திருமுக்கூடலில் விரல் நின்றது.

"வண்டல் இங்க இருபத்திரெண்டு வருது. நீ பட்டியல்ல முப்பத்திரெண்டுன்னு எழுதிக்கீறியே."

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது அண்ணி" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். வீம்பாக ஆய்வக நோட்டைப் புரட்டினேன். வண்டல் முப்பத்திரண்டு சரிதான்; களிதான் இருபத்திரண்டு, அதையும் நான் முப்பத்திரண்டு என்று நகலெடுத்திருக்கிறேன். திருத்தி வைத்ததும் புள்ளி மற்றவற்றோடு போய்ச் சேர்ந்துகொண்டது. அத்தியாயம் போயிற்று. அழுதேன்.

"அழிச்சா தழும்பு தெரியும்" என்று அண்ணி புதுத் தாளை எடுத்து முதலிலிருந்து கோடு போட்டார். நான் சொன்னதை அவர் மனதில் வைத்துக்கொண்டதாகவே தெரியவில்லை.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் என் முக்கோணத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு திருமுக்கூடல் புள்ளியில் விரலை வைத்து, மூன்று பக்கமும் எண்ணி, என் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக் கூட்டினார்.

"நூறு" என்று முணுமுணுத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். அப்படியே எழுந்து ஓடிப்போய் அண்ணி காலில் விழலாம் போலிருந்தது.