காடியில் வெந்த படிகம்

“ஒரே ஒரு வேலைதானே கொடுத்தேன் ருக்கு, காடிய நிழல்ல போடுன்னு. அதுகூட முடியலயா?” என்று ஒரு வெள்ளிக்கிழமை என் கணவர் கத்தினார். காடி என்றால் எங்கள் ஊரில் கார். பினாங்கில் லேசர் ஆராய்ச்சிக்காரருக்கு மனைவியாக இருப்பதும் ஓர் உத்தியோகம்தான், விடுப்பு மட்டும் கிடையாது. விஞ்ஞானியைக் கட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முறுக்கு டின்

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆய்வுக்கூடத்தில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் பழுது. மூன்று மாதமாகக் கரைசலில் வளர்த்த படிகம் நம் ஊர்க் காற்றுக்குத் தாங்காதாம். வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். காற்றுப் புகாத பாத்திரமென்று என்னிடம் இருந்தது தீபாவளி முறுக்கு டின்தான். முறுக்கு வெளியே வந்தது, கல் உள்ளே போனது.

கல்லுக்குள் மின்னூட்டமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்குமாம். கண்ணிமைப்பதில் கோடியில் ஒரு பங்குகூட நீடிக்காத ஒளித்துடிப்பால் தட்டி, அதை மறுபக்கம் சாய்க்க வேண்டுமாம். “பதினெட்டு வருஷமா உங்கள என்னால ஒரு பக்கமும் சாய்க்க முடியலயே” என்றேன். முறுக்கை மென்றபடி சொன்னார்: “சாய்க்கிறது லேசு. சாஞ்ச பக்கமே நிக்கணும்லா, அதான் பாடு.”

பசார் வழி

இரவல் வாங்கிய லேசர் சனிக்கிழமை திரும்பிப் போகிறது. வெள்ளிக்கிழமை கல்லை நான் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வழியில் பசார் சந்தையில் மீன் வாங்கப் பத்து நிமிடம் என்று இறங்கியது அரை மணி ஆனது. காடி உச்சி வெயிலில். டின்னைத் தொட முடியவில்லை. ஐம்பது டிகிரி தொட்டால் உள்ளே சாய்வெல்லாம் கலைந்துபோகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கான்வென்டில் பொய் சொல்லப் பழக்கவில்லை, வாசலிலேயே ஒப்புக்கொண்டேன். மேலே எழுதிய ஏச்சு அப்போது விழுந்ததுதான். ஆய்வுக்கூட உதவியாளர் மணியம் டின்னையும் மீன் பையையும் எட்டிப் பார்த்தார்: “மீனு நல்லாருக்குக்கா. கல்லுதான் போச்சு.”

கோடு இறங்கியது

இருவரும் கல்லுக்கு மின்னழுத்தம் கொடுத்து, மெல்ல ஆறவிட்டு, சாய்வை ஒருவாறு ஒழுங்குபடுத்தினார்கள். நடந்தால் மேசை அதிருமென்று என்னை அசையாமல் நிற்கச் சொன்னார்கள். மீன் பையோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துடிப்பு பாய்ந்தது. திரையில் சாய்வைக் காட்டும் கோடு கொஞ்சம் இறங்கி, உடனே பழைய இடத்துக்கே ஏறிக்கொண்டது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை கல்லில் விரிசல் விழுந்தது.

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “திரும்பிச்சு ருக்கு. நிக்கல.”

லேசர் போனது போனதுதான், அவருக்கு இன்னொன்று கிடைக்கவில்லை. இம்மியளவு ஒளியில் கல்லே புரண்டு கொடுத்தது; ஒரு மனுஷரின் வாயைத் திறக்க வைக்க எனக்கு இத்தனை வருஷம் போதவில்லை.

“அன்னிக்கு நிக்காமப் போனது நான் வெயில்ல விட்டதாலயா? ஒரு வார்த்த சொல்லிருங்க” என்று நேற்றும் கேட்டேன். அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.