கருடக்கொடியைத் தொடாத சுபத்திரை

இரிஞ்ஞாலக்குடாவில் முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிலோமினா டீச்சர், எல்லோரும் முற்றத்துக்கு ஓடு பதிக்கும் காலத்தில் முற்றத்தைக் காடாக்கினார். தேனீக்குத் துளசியும் தும்பையும், வண்ணத்துப்பூச்சிக்குக் கிலுக்கி என்கிற கிலுகிலுப்பைச் செடி, தும்பிக்குத் தண்ணீர்த் தொட்டி. கொசு வருமே என்று கேட்ட சுகாதாரப் பணியாளருக்கு, தும்பிக்குஞ்சு கொசுப்புழுவைத் தின்பதைப் பற்றி அரை மணி நேரம் வகுப்பு நடந்தது. அவர் மறுபடி வரவில்லை.

கருட வண்ணத்துப்பூச்சி மட்டும் ஏமாற்றிக்கொண்டிருந்தது. அது முட்டையிடுவது கருடக்கொடியில். வேலியில் கொடியைப் படரவிட்டு மூன்று வருடம் காத்திருந்தார். இந்த ஓணத்துக்கு முன்னால் ஒருவழியாக ஏழு புழுக்கள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை வீட்டுக்கு இரண்டு நாள் போக வேண்டி வந்தது. கணவர் பொரிஞ்சு மிகவும் அன்பானவர், ஆபத்தே அதுதான். ஓணத்தன்று மாவேலி மன்னர் வரும் முற்றத்தில் களை நிற்கலாமா என்று, அடுத்த வீட்டுச் சுபத்திரையை அழைத்துச் சுத்தமாகச் செதுக்கச் சொல்லிவிட்டார்.

டீச்சர் திரும்பியபோது முற்றம் மொட்டையாக, பூக்களம் என்கிற ஓணப் பூக்கோலத்துக்குச் சாணி மெழுகிப் பளபளவென்று கிடந்தது. மறுபக்கத்து வீட்டில் குடியிருக்கும் நான் மதிலுக்கு இந்தப்பக்கம் நின்றிருந்தேன்.

"எப்படி இருக்கு?" என்றார் பொரிஞ்சு.

டீச்சர் வேலிக்கு ஓடினார். கொடி இருந்தது. விரல் வைத்து எண்ணினார். ஏழு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அதை நான் தொடலை டீச்சரே," என்றாள் சுபத்திரை. "கருடக்கொடின்னா பாம்புக்குப் பயம். வெட்டினா வீட்டுக்குள்ள வந்துரும்ல. சேட்டன்தான் வெட்டுன்னாரு. நீங்களே வெட்டிக்குங்கன்னு அரிவாளைக் கையில குடுத்தேன்."

"அப்புறம்?"

"திருப்பிக் குடுத்துட்டாரு."

பொரிஞ்சு வானத்தைப் பார்த்தார்.

"ஒன்பதாம் கிளாஸ்ல இதையே சொன்னதுக்குத்தான் என்னைப் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சீங்க. மூடநம்பிக்கைன்னு," என்றாள் டீச்சரிடம் படித்த சுபத்திரை.

"கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்டி," என்றார் டீச்சர்.

ஓணம் கழிந்து புதிதாகக் கிலுக்கி நட்டபோது மதிலுக்கு அப்பால் டீச்சர் குரல் கேட்டது.

"சுபத்திரே, இந்தக் கிலுக்கிக்கும் பாம்பு பயப்படும், தெரியுமா?"

"அப்படியா? பாடத்துல இல்லையே டீச்சரே."

"எல்லாத்தையுமா பாடத்துல போடுவாங்க? தும்பைக்கும் பயப்படும். எழுதி வெச்சுக்கோ."