துட்டி வீட்டு மரியாதை

கத்தாரில் எனக்குக் கீழே ஐம்பது பேர் வேலை பார்க்கிறார்கள். நான் கை அசைத்தால் மிஷின் ஓடும், இன்னொரு தடவை அசைத்தால் நிற்கும். இது பொய். எனக்குக் கீழே இருப்பவை ஹோட்டல் படுக்கை விரிப்புகள். அவையும் நான் சொல்லிக் கேட்பதில்லை, இஸ்திரி மிஷின் சொன்னால்தான் கேட்கும். சூடாக வெளியே வருகிற விரிப்பின் இரண்டு மூலையை நான் பிடிப்பேன், மற்ற இரண்டை நேபாளத்து ஆள் ஒருவன் பிடிப்பான். மடிப்போம், அடுக்குவோம். வருஷக்கணக்காக இதுதான் என் உத்தியோகம். ஊரில் என் அக்கா இதற்கு 'ஹோட்டல் மேனேஜ்மெண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறாள். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவனுக்கு இது போதாதா? இதைக்கூட நான் எழுதவில்லை. போனைப் பார்த்துப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. அக்கா மகள் சுஜிதா பிறகு பிழை திருத்துவாள்.

லீவுக்கு எங்கள் ஊர் கீரிப்பாறை வந்து சேர்ந்தால் காலையிலேயே தண்டனை ஆரம்பித்துவிடும். பல் தேய்க்க முற்றத்தில் இறங்க வேண்டியதுதான், ரோட்டில் போகிற ஒருவர் கேட்பார், "எப்பம் வந்த மக்கா?" விமானம் இறங்கிய நேரத்தைச் சொல்வதா, வீடு வந்து சேர்ந்த நேரத்தைச் சொல்வதா என்று நான் யோசித்து வாயைத் திறப்பதற்குள் அடுத்தது வரும், "இனி எப்பம் போவ?" அதற்கும் பதில் வாங்காமல் போய்விடுவார். மறுநாள் அதே ஆள், அதே இடம், அதே கேள்வி. பதில் வேண்டாதவனுக்குக் கேள்வி என்னத்துக்கு என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு மணியண்ணனிடம் கேட்டே விட்டேன். "அண்ணே, நேத்தும் இதத்தான் கேட்டிய. கேட்டத மறந்துட்டியளா?" அன்று சாயங்காலம் அவர் மனைவி அக்காவிடம் வந்து, "ஒனக்க தம்பிக்கு கல்ஃபு காசு தலைக்கு ஏறிட்டு கேட்டியா" என்றாள். என் சம்பளம் ஏற ஆரம்பித்தால் முழங்காலைத் தாண்டாது என்பது அவளுக்குத் தெரியாது.

எனக்கு ஆட்டிசம். இதைக் கண்டுபிடித்தது எங்கள் ஊரும் இல்லை, எங்கள் பள்ளிக்கூடமும் இல்லை. லாண்டிரியில் எங்களுக்கு மேலே இருக்கிற லோர்னா என்கிற பிலிப்பைன்ஸ் பெண். மிஷின் இரைச்சல் தாங்காமல் நான் டவல் நூலை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு நிற்பேன். அவள் வந்து, "இயர் பெயின்?" என்றாள். "நோ மேடம், சவுண்ட் பீட்டிங் மீ" என்றேன். யாரோ என்னை அடிக்கிறார்கள் என்று நினைத்து அவள் நேபாளத்து ஆளைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டாள், பாவம் அவன். விஷயம் விளங்கியதும், பாய்லர் ரூம் ஆட்கள் தலையில் மாட்டுகிற மஞ்சள் காதுமூடி ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். அவளுடைய தம்பியும் என்னைப் போலத்தானாம். தன் லீவு நாளில் என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஒரு மலையாளி நர்ஸ் இடையில் நின்று மொழி மாற்றிச் சொன்னாள். சின்ன வயதில் கூட்டாளிகள் யார் யார் என்று டாக்டர் கேட்டார். "ரப்பர் மரம்" என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை, எந்த மரம் என்று கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்த முதல் மனிதர் அவர்தான்.

அப்பா அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பள்ளிக்கூட மணி அடித்தால் நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவேன். வாத்தியார் அங்கே வந்தும் அடிப்பார். அதனால் அப்பாவோடு தோட்டத்துக்கே போனேன். ஒரு மரம், ஒரு சரிவான வெட்டு, பால் சொட்ட ஒரு சிரட்டை, அடுத்த மரம். எந்த மரமும் எப்பம் வந்த என்று கேட்டதில்லை. ஊர் எனக்குக் கிறுக்கன் என்று பெயர் வைத்தது. நாற்பது வயதுவரை ஊர் சும்மா கூப்பிட்டதை ஒரு டாக்டர் ஃபீஸ் வாங்கிக்கொண்டு கூப்பிடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் வித்தியாசம் பிடிபட்டது. கிறுக்கன் என்றால் நான் மாற வேண்டும். ஆட்டிசம் என்றால் சத்தம் கொஞ்சம் குறைந்தால் போதும்.

வெளிநாட்டில் எனக்கு இன்னொரு வசதியும் உண்டு. நான் ஒருவன் கண்ணைப் பார்க்காமல் பேசினால், இந்தியாக்காரன் இப்படித்தான் என்று எகிப்துக்காரன் நினைத்துக்கொள்வான். தமிழன் இப்படித்தான் என்று பஞ்சாபி நினைப்பான். நாகர்கோவில்காரன், பாதி மலையாளி, இப்படித்தான் என்று மதுரைக்காரன் நினைப்பான். ஆளுக்கு ஒரு சமாதானம் கைவசம் வைத்திருக்கிறார்கள், எனக்கும் பிழைப்பு நடக்கிறது. திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கியதும் அந்தச் சமாதானமெல்லாம் காலாவதி. இங்கே நான் அன்னியன் கிடையாது. அதனால் எனக்கு மன்னிப்பும் கிடையாது.

அக்காவிடம் ஆட்டிசம் என்ற வார்த்தையைச் சொன்னதும் அவள் முதலில் போய் ஜன்னலைச் சாத்தினாள். "லேய், இத வெளிய விட்டுராத. சுஜிக்குக் கல்யாணம் பேசுகோம். குடும்பத்துல உண்டும்னு சொல்லிருவாவ." ஜன்னலைச் சாத்தியும் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. அத்தானின் அண்ணன் வந்து, "ஒரு கல்யாணம் கட்டி வச்சா எல்லாம் செரியாயிடும்" என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் பக்கம் குடிகாரனுக்கும் சோம்பேறிக்கும் கிறுக்கனுக்கும் ஒரே மருந்துதான், வேறொரு வீட்டுப் பெண். இன்னொருவர் வல்லாரைச் சாறு குடிக்கச் சொல்லி வீடியோ அனுப்பினார். அதைக் குடித்து அவருக்கே புத்தி வந்ததாகத் தெரியவில்லை.

இந்த நாஞ்சில் நாட்டில் என்னைக் கேட்டுச் சட்டம் போட்டது போல ஒரே ஒரு வீடு உண்டு. அது துட்டி வீடு, சாவு விழுந்த வீடு. அங்கே யாரும் உங்களை 'வாங்க' என்று சொல்லக்கூடாது. நீங்களும் 'பெய்ட்டு வாறேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. வாடகை நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்க்கலாம். முகத்தைப் பார்க்கவில்லை, சிரிக்கவில்லை என்று யாரும் குறைசொல்ல மாட்டார்கள். போதும் என்று தோன்றினால் எழுந்து திரும்பிப் பார்க்காமல் நடக்கலாம். இதையே கல்யாண வீட்டில் செய்தால் தலைக்கனம், துட்டி வீட்டில் செய்தால் மரியாதை. லீவில் வந்தால் என் பொழுதுபோக்கே துட்டிக்குப் போவதுதான். நல்ல மனிதன் என்று பெயர் கிடைத்ததும் அந்த வகையில்தான்.

போன மாதம் கோட்டாற்றிலிருந்து சுஜிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பாத்திரக்கடைக் குடும்பம். சுஜிதாவும் அந்தப் பையனும் நாகர்கோவிலில் ஒரே ஆபீஸ், ஏற்கெனவே பிடித்துப்போனவர்கள். பெரியவர்கள் சரி என்று சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதற்குத் தாய்மாமன் வேண்டும். தாய்மாமன் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக 'வாங்க' என்று கூப்பிட வேண்டும், மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும், கடைசியில் கார்வரை போய் வழியனுப்ப வேண்டும். அக்கா எனக்கு ஒத்திகை வைத்தாள். அவளே கார் மாதிரி முற்றத்தைச் சுற்றி வந்து நின்றாள். அத்தான் அதிலிருந்து இறங்கினார். நான் வரவேற்றேன். "சிரிலே" என்றாள் கார்.

அன்றைக்கு அடுக்களையில் மிக்சி, குக்கர். கூடத்தில் ஒரு மாமா போனை ஸ்பீக்கரில் போட்டு மும்பையோடு பேசிக்கொண்டிருந்தார். "தம்பிக்கு அங்க என்ன சோலி?" "எவ்வளவு கிட்டும்?" "ஏன் இன்னும் கட்டல?" எல்லாம் ஒன்றாக வந்தது. என் காதுமூடியை அக்கா அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். ஒரு கட்டத்தில் நான் எழுந்தேன். எனக்குப் பழக்கமான ஒரே மரியாதைப்படி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், அவர்கள் நடுவில் நடந்து ரப்பர் தோட்டத்துக்குள் போய்விட்டேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாளாம், "நாம பொண்ணு பாக்க வந்தோமா, துட்டிக்கு வந்தோமா?" பாதிச் சாயாவோடு கிளம்பிவிட்டார்கள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுஜிதா என்னைத் திட்டவில்லை. மறுநாள் ஆபீசுக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்தச் சுவரை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் பார்த்ததுதான்.

கொஞ்ச நாளில் மாப்பிள்ளையின் பெரியப்பா இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. உறவா இல்லையா என்று தெரியாத வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று அக்காவும் அத்தானும் விவாதம் நடத்தினார்கள். நான் எஸ்டேட் பஸ் ஏறிவிட்டேன். துட்டியாச்சே. மாப்பிள்ளையின் அப்பா பந்தலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் போய் இருந்தேன். வருகிறவன் எல்லாம் அவரைக் குனிந்து குடைந்துகொண்டிருந்தான். "என்ன சீக்கு?" "எந்த ஆசுத்திரி?" "கடைய இனி யாரு பாப்பா?" அண்ணன் செத்துக் கிடக்கும்போது கடையின் ஜாதகம். அவர் ஒரு காலி டம்ளரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கிறவரை இருந்தேன், சொல்லாமல் வந்தேன்.

பதினாறு கழிந்ததும் அவர் அக்காவுக்குப் போன் பண்ணினார். "அண்ணைக்கி வந்தவன் எல்லாம் வாயக் கொண்டு வந்தான். ஒங்க தம்பி மட்டுந்தான் ஆளக் கொண்டு வந்தாரு. ஒங்க வீட்டுல அவரு எந்திச்சிப் போனதுக்கு ஏதோ காரணம் இருக்கும். அத அவரு வாயால கேக்கணும். அப்புறம் மத்தது பேசுவோம்."

இன்றைக்கு வருகிறார்கள். காலையிலிருந்து அடுக்களையில் சண்டை.

"வயித்தால போச்சுன்னு சொல்லு, அவ்வளவுதான்" என்றாள் அக்கா. எங்கள் ஊரில் பேதிக்கு இருக்கிற கௌரவம் என் மூளைக்கு இல்லை.

"ஏம்மா, இனி நிச்சயம், கல்யாணம், வளைகாப்பு, எல்லாத்துக்கும் மாமாக்கு வயித்தால போகுமா?" என்றாள் சுஜிதா.

"ஏட்டி, நடக்கப்போறது ஒனக்கக் கல்யாணம்."

"அதனாலதான் சொல்லுகேன். மாமாவ மறச்சு வச்சிட்டு நான் அந்த வீட்டுல எப்பிடி இருக்கது? கேட்டுட்டு வேண்டாம்னா போட்டும்." சொல்லிவிட்டு அலமாரிச் சாவியை அக்காவின் இடுப்பிலிருந்து உருவி, காதுமூடியை எடுத்து என் மடியில் போட்டாள். போகட்டும் என்று சொன்னவளின் கை அந்தச் சாவியை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். முகம்தான் எனக்குப் படிக்க வராது, கை வரும்.

பின்கட்டில் உட்கார்ந்து நான் சொல்லவேண்டியதை இப்போது மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். லோர்னா தன் தம்பியைப் பற்றி முதன்முதலாக ஒருவரிடம் சொன்ன கதையை என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவனை விருந்தாளி முன்னால் ஒரு அறையில் பூட்டி வைத்திருந்தார்களாம். ஒருநாள் அவளே கதவைத் திறந்து, வந்திருந்த ஆளிடம்...

"லேய் தங்கராசு, கார் வந்தாச்சு. வாசலுக்கு வா. அந்தக் கருமத்தக் காதுல இருந்து கழத்து."

கழற்றவில்லை. இடது பக்கத்தை மட்டும் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். அந்தக் காதில் குக்கர், கார் கதவு, அக்கா. மூடிய காதில் கத்தார். பேதிக்காரன் தலையில் இது எதற்கு என்று மாப்பிள்ளையின் அப்பாவே கேட்கட்டும், பதிலுக்கு நிற்கிற ஆளாகத்தான் தெரிகிறார். இது துட்டி வீடு இல்லை, அதனால் உங்களிடம் சொல்லிக்கொண்டே எழுந்திருக்கிறேன்.

பெய்ட்டு வாறேன்.