இரட்டை இறக்கையும் வெள்ளைத் துண்டும்

நான் விமானம் ஓட்டுகிறவள். பயிற்சிப் பள்ளியில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் விமானத்தில் பயமும் இல்லை, பெரிய சந்தோஷமும் இல்லை. கண்ணாடி மூடிய அறை, காதில் ஹெட்போன், எதிரே நாலு திரை. பஸ் ஓட்டுவதைவிடச் சுத்தமான வேலை, அவ்வளவுதான். பறப்பதில் உள்ள சந்தோஷத்தை எனக்குக் காட்டியது டாக்டரின் பழைய இரட்டை இறக்கை விமானம்.

டாக்டர் ஓய்வுபெற்ற எலும்பு வைத்தியர். மனுஷ எலும்பைச் சேர்த்தது போதும் என்று, எங்கோ ஷெட்டில் உடைந்து கிடந்த, தன்னைவிட வயதான விமானத்தை வாங்கிப் பல வருஷம் பாடுபட்டுச் சேர்த்தார். தஞ்சாவூருக்குத் தெற்கே, யுத்த காலத்தில் போட்டு, பிறகு மாடு மேய்ந்துகொண்டிருந்த ஓடுபாதையை எங்கள் பள்ளி எடுத்து நடத்துகிறது. அங்கேயுள்ள ஷெட்டில்தான் அது நிற்கிறது. மரச்சட்டம், அதன்மேல் இழுத்துத் தைத்த துணி, மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே கம்பிகள். டாக்டருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. ஓட்டுவது நான்.

கூரை கிடையாது. கழுத்துக்கு மேலே எல்லாம் காற்றுதான். ஆயிரம் அடியிலும் அறுப்பு நடக்கும் வயலின் வைக்கோல் வாசம் வந்து சேரும். செங்கல் சூளையைத் தாண்டினால் புகை மூக்கில் ஏறும். வெண்ணாற்றுக்கு மேலே போனால் சட்டென்று முகம் குளிரும். கண்ணை மூடிக்கொண்டே எங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடலாம், மூடமாட்டேன், பயப்படாதீர்கள். எஞ்சினைத் தணித்தால் கம்பிகள் முனகத் தொடங்கும். பாட்டே வராத நானும் கூடச் சேர்ந்து கத்துவேன். கேட்க யாருமில்லை.

இத்தனை சந்தோஷத்துக்கும் காரணம் அப்பா. அவரைத்தான் நான் ஒருநாள் நோகடித்தேன்.

நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, புகையான் பூச்சி விழுந்து நெல் கருகிய ஒரு வருஷம், எங்கள் பக்கத்து வயல்களுக்கு விமானத்தில் மருந்தடித்தார்கள். எதுவரை அடித்தாயிற்று என்று பைலட்டுக்குத் தெரிய, வரப்பில் ஓர் ஆள் வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். விமானம் அவரைக் குறிவைத்து வரும். தலைக்கு மேலே போனதும் பன்னிரண்டு எட்டு எடுத்துவைத்துத் தள்ளி நிற்கவேண்டும். அது அடுத்த சால். மருந்து அந்த ஆளின் தலையிலும் விழும். ஆகவே பண்ணையில் கூலி வேலை பார்த்த அப்பாவை நிறுத்தினார்கள். மிராசுதார் எதிரே வந்தால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டவேண்டிய காலம் அது. அந்தத் துண்டையே அப்பா இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தார். மிராசுதார் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா இந்தக் கதையை எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பார். "கடைசி சால் போறப்ப பைலட் என்னைப் பாத்து ஒரு சல்யூட் வச்சாம்பாரு! ஊர்ல வேற எவனுக்கும் வைக்கல, எனக்கு வச்சான்."

சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருப்பேன். ஒருநாள் நானும் மேலே இருந்து யாருக்காவது சல்யூட் வைக்கவேண்டும் என்றுதான் இந்தப் படிப்புக்கே போனேன்.

லைசென்ஸ் வாங்கிய வருஷம் பொங்கலுக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அப்பா கதையை ஆரம்பித்தார். எனக்குப் புதுப் பைலட் திமிர். "சும்மா இருங்கப்பா. ரெண்டாள் உசரத்துல பறக்குறவன் உங்களுக்குக் கை தூக்கிக்கிட்டிருப்பானா? அடுத்த நிமிஷம் வயல்ல கெடப்பான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதன்பிறகு அவர் அந்தக் கதையைச் சொல்லவே இல்லை. நாக்கில் சனி என்பார்களே, அன்று எனக்கு அங்கேதான் உட்கார்ந்திருந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம்.

போன தை மாதம் அவரை ஓடுபாதைக்கு அழைத்து வந்தேன். முன்னிருக்கையில் உட்காரவைத்து, சுற்றிக் காட்டி, இறங்கியதும் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று திட்டம். அப்பா விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கம்பியைச் சுண்டிப் பார்த்தார்.

"கயித்துக் கட்டில் மாதிரில்ல இழுத்துக் கட்டியிருக்கு" என்றார்.

"கட்டில்தாங்க. ஆனா பறக்கும்" என்றார் டாக்டர்.

"நா வரலம்மா. நீ ஓட்டு."

"பயமாப்பா?"

"பயமெல்லாம் இல்ல. எனக்கு மேல வேல இல்ல. கீழதான்."

எவ்வளவோ கெஞ்சினேன். அசையவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவளுக்குக் கோபம் வரலாமா? வந்தது. விடுவிடுவென்று ஏறி உட்கார்ந்தேன். மெக்கானிக் புரொப்பல்லரைக் கையால் சுழற்றிவிட்டார்.

இந்த விமானத்தில் மூக்கு எதிர்ப்பார்வையை மறைக்கும். இறங்கும்போது உடம்பைக் கொஞ்சம் சாய்த்துவிட்டு, இடதுபக்கம் தலையை வெளியே நீட்டித்தான் தரையைப் பார்க்கவேண்டும். முதல் சுற்றில் தரையைத் தொட்டு மறுபடி எழும்பினேன். ஷெட் வாசலில் டாக்டர் மட்டும் நின்றார். அப்பாவைக் காணோம். கோபம் போய்விட்டது. கழுத்தை எக்கி ஷெட்டைச் சுற்றித் தேடினேன்.

இரண்டாவது சுற்று. ஓடுபாதையின் மேற்கு முனையில் வேலி, வேலிக்கு அப்பால் வயல். தலையை நீட்டினேன். ஓரக்கண்ணில், மூக்கின் மறைவிலிருந்து, வெள்ளையாக ஏதோ ஒன்று வந்து போனது. வரப்பில் ஓர் ஆள். இரண்டு கையும் தலைக்கு மேலே. விரித்துப் பிடித்த துண்டு.

நான் இறங்கவில்லை. எஞ்சினை முடுக்கி இன்னொரு சுற்று வந்தேன். திரும்பும்போது கீழே பார்த்தால், அப்பா வரப்பின்மேல் நடந்துகொண்டிருந்தார். எண்ணி எண்ணி வைக்கிற நடை அது. பன்னிரண்டு எட்டு தள்ளி நின்று திரும்பவும் துண்டை விரித்தார். சரியாக என் இடதுபக்கம்.

மூன்றாம் முறை எல்லாம் தெரிந்தது. நரைத்த மீசை, காற்றில் அடித்துக்கொள்ளும் வேட்டி, வாய்கொள்ளாத சிரிப்பு. இடது கையை எடுத்து நெற்றியில் வைத்து சல்யூட் அடித்தேன். விமானம் வயலில் விழுந்துவிடவில்லை. சல்யூட் வைக்க நேரம் இருந்தது.

இறங்கி ஓடினேன். அப்பா வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

"தெரிஞ்சேனாம்மா?"

"மீசை வரைக்கும் தெரிஞ்சிச்சுப்பா." மூச்சு வாங்கியது. "நா அன்னிக்குப் பேசினது தப்புப்பா. கை தூக்க முடியுது. அவரு உங்களுக்கு சல்யூட் வச்சிருப்பாரு."

அப்பா துண்டில் ஒட்டியிருந்த பதரைத் தட்டினார்.

"வச்சானோ என்னமோ. எனக்கு எப்புடிம்மா தெரியும்? மருந்து விழுந்துடும்னு ஒவ்வொரு சாலுக்கும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டுல்ல நின்னேன்."

அப்பா திரும்பி, தான் நின்ற வரப்பைப் பார்த்தார்.

"இன்னிக்குத்தான் தொறந்து வச்சிருந்தேன்" என்றார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பார்வை மங்கிய டாக்டர், என்ன நடந்தது என்று கேட்டிருப்பார்போலிருக்கிறது. அப்பாவின் குரல் ஓடுபாதை முழுக்கக் கேட்டது.

"கடைசி சால் போறப்ப பைலட் என்னைப் பாத்து ஒரு சல்யூட் வச்சா பாருங்க டாக்டர்!"