மாவடிப்பள்ளிப் பாலத்தடியில் நிற்கும் மோட்டார் சைக்கிள்

1. இரண்டு சிவப்புக் கோடுகள்

கல்முனையில் நான் கராஜ் வைத்து இருபத்தாறு வருடங்கள். வரும் ஒவ்வொரு வாகனத்துக்கும் கொப்பியில் ஒரு பக்கம் உண்டு. அதே கோளாறோடு திரும்பி வந்தால் அந்தப் பக்கத்தில் சிவப்புக் கோடு போடுவேன். ஹனீபா காக்காவின் பக்கத்தில் இரண்டு கோடுகள் விழுந்தன.

அவர் வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிறவர். மகள் றிஸ்னா கல்முனையில் உயர்தரம் படிக்கிறாள். பரீட்சைக்கு அவளை மோட்டார் சைக்கிளில்தான் ஏற்றி வருவார். முதல் நாள் அவர் சொன்னது:

“பாஸ், சம்மாந்துறையில பெற்றோல் அடிச்சிட்டு வாறன். மாவடிப்பள்ளிப் பாலத்தடியில மிஸ் பண்ணி, இருமி இருமி நிண்டிடுது. மூடியத் திறந்து பாத்தா நிறையப் பெற்றோல் இரிக்கி. மூடிட்டு உதைச்சா ஓடுது. கல்முனைக்கு வரக்குள்ள ரெண்டு மூணு தரம் இப்பிடி.”

நான் எழுதியது: “ஓட்டத்தில் மிஸ்ஸிங். டேங்கியில் பெற்றோல் உண்டு.”

பிளக் மாற்றினேன், காபரேட்டர் கழுவினேன். திரும்பி வந்தார். பெற்றோலில் தண்ணீர் இருக்குமோ என்று டேங்கியை வடித்து, ஒரு லீற்றர் புதிதாக ஊற்றி, பாண்டிருப்பு வரை மூன்று தரம் ஓடிப் பார்த்தேன். குறையே இல்லை. மூன்றாம் தரம் வந்தபோது அவர் சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“நேத்து முதல் பேப்பருக்குப் புள்ள இருபது நிமிசம் பிந்திப் போனா பாஸ். அழுதுக்கிட்டுத்தான் உள்ளுக்குப் போனா. திங்கக்கிழமை கெமிஸ்ட்ரி. அந்த நேரத்துக்கு பஸ்ஸும் இல்ல.”

2. பின்சீட்டில் நான்

கராஜைப் பூட்டினேன். “காக்கா, வழக்கம்போல ஓட்டுங்க. நான் மகள் இரிக்கிற இடத்துல இரிக்கன்.”

“மகள் நாப்பது கிலோ. நீங்க ரெண்டு மகள்,” என்றார்.

சம்மாந்துறைக்குப் போய், பெற்றோல் செட்டில் டேங்கியின் கழுத்து வரை நிரப்பித் திரும்பினோம். பாலத்தடியில் எஞ்சின் மிஸ் பண்ணி நின்றது. அவர் இறங்கி, பிஸ்மி சொல்லி மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்து மூடினார். ஒரே உதை, ஓடியது.

காரைதீவில் மறுபடி நின்றது. “மூடியத் தொடாம உதைங்க,” என்றேன்.

பதினைந்து தரம் உதைத்தார். “உங்கட கொப்பிக்கு என்ட காலா கிடைச்ச?” என்று மூச்சு வாங்கினார்.

“இப்ப திறங்க.”

உஸ். அடுத்த உதையில் ஓடியது.

பெற்றோல் கீழே இறங்க, அதன் இடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்கு மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அது அடைபட்டால் டேங்கி நிறையப் பெற்றோல் இருந்தாலும் எஞ்சினுக்குப் போகாது. நான் ஓடிப் பார்த்தபோது டேங்கி ஏறக்குறைய வெறுமை. உள்ளே இருந்த காற்றே அந்தச் சிறிய ஓட்டத்துக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

மூடியைப் புரட்டினேன். துளையில் வெள்ளையாக ஏதோ இறுகிக் கிடந்தது. சவர்க்காரம்.

ஹனீபா காக்கா தலையைக் குனிந்தார். “நான்தான் அடைச்சன். புள்ளைக்குப் பெற்றோல் மணம் ஒத்துக்காது. பள்ளத்துல விழக்குள்ள அந்த ஓட்டையால சிந்தும். இறங்கின உடன சத்தி எடுப்பா, தின்னதெல்லாம் வெளிய வந்திடும். சத்தியோடயா சோதினை எழுதுற?”

“கழுத்து வரைக்கும் நிரப்பினா சிந்தாதா காக்கா?”

“பெற்றோல் தட்டுப்பாட்டுல கியூவுல மூணு நாள் நிண்ட ஆள் பாஸ். குறைச்சி அடிக்க மனசு வராது.”

துளையை ஊசியால் திறந்து, மூடிக்குப் புது ரப்பர் வொஷர் போட்டேன். கழுத்துக்கு இரண்டு விரல் கீழேதான் பெற்றோல் நிற்கவேண்டும் என்று சத்தியம் வாங்கினேன்.

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு அழைப்பு வந்தது. “பாலம் தாண்டி, காரைதீவும் தாண்டி, பள்ளிக்கூட வாசல்ல நிக்கிறம். புள்ள சத்தியும் எடுக்கல்ல. ரெண்டு விரல் பாஸ், அளந்துதான் அடிச்சன்!”

இப்போது என் கொப்பியில் புதிதாக ஒரு நிரல் இருக்கிறது: “நின்றபின் என்ன செய்தீர்கள்? அதன்பின் ஓடியதா?” ஹனீபா காக்கா முதல் நாளே அதற்குப் பதில் சொல்லியிருந்தார். எழுதாமல் விட்டது நான். அந்த இரண்டு சிவப்புக் கோடுகளும் என்னுடையவை.