நிப்பு இல்லாத பேனா

என்னிடம் பதினொரு பழைய பேனாக்கள் இருக்கின்றன. ஒன்றாலும் ஒரு எழுத்து எழுத முடியாது. மூடியைத் திருகினால், நிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடிக் குழாயின் வாய்தான் தெரியும். எந்தக் காலத்திலோ, எந்த ஊரிலோ, பெண்டாட்டிக்கும் போலீசுக்கும் தெரியாமல் மூன்று ஸ்பூன் மதுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு கெட்டிக்காரன் யோசித்துச் செய்தது. இன்றைக்கு அபூர்வப் பொருள். விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்துவிட்டு, "நீங்க நெறைய எழுதுவீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

இவற்றில் ஏழு, மாமா சேர்த்தவை. மாமா அம்மாவின் அண்ணன். விழுப்புரத்தில் பத்திரம் எழுதுகிறவரிடம் வேலை பார்த்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, டீயைத் தவிர எதையும் குடித்தவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிக்குப் போய்ப் பழைய சாமான்களைக் கிளறுவார். கண்டமங்கலம் வழியாகத் திரும்பும் பஸ்ஸில் பால் கேனிலும் டிபன் கேரியரிலும் பாட்டிலை ஒளித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஒளிப்பதற்கென்றே செய்த பேனாவைக் காலியாகக் கொண்டுவந்தவர் மாமா ஒருவராகத்தான் இருப்பார்.

அப்பா நேர் எதிர். திண்டிவனத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். கை சுத்தமான மெக்கானிக், சாயங்காலம் வரைக்கும். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், அம்மா என்னை அழைத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்து மூன்று மாதம் இருந்துவிட்டாள். அப்பா அம்மன் கோயிலில், ஒரு வருடம் தொடுவதில்லை என்று பூசாரி கையால் கயிறு கட்டிக்கொண்டு எங்களைக் கூப்பிட வந்தார். அம்மா கயிற்றையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள்.

"வர்றேன். ஆனா இன்னொரு தபா வாய வச்சீங்கன்னு தெரிஞ்சிது, பொண்ண இட்டுக்கினு போயிடுவேன். அப்புறம் நீங்க வந்து நின்னாலும் வரமாட்டேன்."

திரும்பி வந்தோம். ஆனால் அம்மா துணிப்பையைக் காலி செய்யவில்லை. கட்டிலுக்கு அடியில் பை கிடந்தது. துவைத்த துணிகளை மடித்து அதிலேயே வைப்பாள். அரிசிப் பானை, பரண், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று தினமும் ஒருமுறை கைவிட்டுத் தேடுவாள். எனக்கு விழுப்புரத்துப் பள்ளிக்கூடம் பிடிக்காது. அப்பாவை ரொம்பப் பிடிக்கும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவேன்.

சரஸ்வதி பூஜைக்கு மாமா வந்தார். என் புத்தகங்கள், அப்பாவின் ஸ்பேனர்கள் இவற்றோடு மாமாவின் பேனாக்களும் பூஜையில் இருக்கட்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவளைப் பொறுத்தவரை அவை வெறும் பழைய பேனாக்கள். மூன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு நிஜப் பேனாக்கள். மூன்றாவது கறுப்பாக, குண்டாக இருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தபோது அதை எனக்கும் அப்பாவுக்கும் திறந்து காட்டினார்.

"இது இன்னாத்துக்கு மாமா?"

"மருந்து வச்சிக்கறதுக்கு."

அப்பா அதை வாங்கி நாலு முறை திருகித் திருகிப் பார்த்தார். "மரை இன்னா சுத்தமா கீது பாரு மச்சான்" என்று மெச்சினார்.

பிற்பகல் மாமா தூங்கினார். அம்மா பொரி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பேனாவைச் சாமி முன்னால் காலியாக வைக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவே முடிவு செய்துகொண்டேன். மை பாட்டிலை எடுத்து முதல் இரண்டையும் நிரப்பினேன். குண்டுப் பேனாவைத் திறந்தால் உள்ளே ஏற்கெனவே ஏதோ இருந்தது. மருந்து என்று மாமா சொன்னது நினைவிருந்தது. முகர்ந்தேன், நெடி மூக்கில் ஏறியது. கெட்டுப்போன மருந்து என்று நினைத்துத் துவைக்கிற கல்லடியில் கொட்டிவிட்டு, கழுவி, கழுத்துவரை நீல மையை ஊற்றி மூடிவைத்தேன். புண்ணியம் செய்துவிட்ட திருப்தியோடு குளிக்கப் போனேன்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தாள். பொருளின் மேலே பொட்டு வைத்தால் அவளுக்குத் திருப்தி வராது. வேலை செய்கிற இடத்தில் வைக்க வேண்டும். ஸ்பேனருக்கு வாயில், அருவாமனைக்கு விளிம்பில். கற்பூரம் காட்டினோம். மறுநாள் மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக் கூடாது. அம்மா தேடாத, தேட முடியாத ஒரே இடம் வீட்டில் அந்தச் சாமி முன்னால்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.

விடிந்து, அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கம் போனேன். குழாயடியில் அப்பா கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தார். உதடு, பல், நாக்கு எல்லாம் நீலம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அம்மா! ஜல்தி வா! அப்பா வாயெல்லாம் இங்க்கு!"

அம்மா கோலமாவுக் கையோடு வந்து நின்றாள். நேராக உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். அதற்குள் மாமா எழுந்து வந்துவிட்டார். பின்னாலேயே உள்ளே வந்த அப்பாவின் வாயை ஒரு முறைதான் பார்த்தார்.

"நிப்பு அடச்சிக்கினு இருந்திச்சிம்மா. நாந்தான் மாப்ளைய வாய வச்சி உறிஞ்சிப் பாருங்கன்னேன்."

"மறுபூஜ ஆவாமயா?"

"தப்புதாம்மா. என் புத்தி."

எனக்குத் தெரிந்து பொய்யே சொல்லாத மாமா அப்படிச் சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. அப்பா தலை நிமிரவில்லை. அம்மா பைமேல் கையை வைத்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடி. அந்தக் குண்டுப் பேனாவுல நிப்பு இருந்திச்சா?"

இல்லை என்றால், நிப்பே இல்லாத பேனாவுக்குள் மை எப்படி வந்தது என்று கேட்பாள். கேட்டால் மை நிரப்பிய கதை வெளியே வரும். முதுகு தாங்காது. எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

"இருந்திச்சும்மா."

அம்மா பையைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து பீரோவில் அடுக்கத் தொடங்கினாள்.

அப்பா அந்த ஒரு வருடம் குடிக்கவில்லை. கயிறு அவிழ்ந்ததும் குடித்தார், மறுபடி கட்டினார். அப்படியே காலம் போயிற்று, நாங்கள் மூவரும் சேர்ந்தேதான் இருந்தோம். மாமாவுக்குப் பிறகு பேனாக்கள் எனக்கு வந்தன. போன மாதம் குண்டுப் பேனாவை முதல்முறையாகக் கழற்றித் துடைத்தேன். மூடிக்குள்ளே, கண்ணாடி வாயைச் சுற்றிய திருகு மரையில், சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. மேலே ஒரு துளி குங்குமம்.

அம்மா பொட்டு வைக்க அதைத் திறந்திருக்கிறாள். நிப்பு இல்லை என்பது அவளுக்கு முந்தின நாளே தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னைக் கேட்டிருக்கிறாள். இந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று யாராவது சொன்னால் போதும் என்று அவள் எத்தனை ஏங்கியிருக்கிறாள் என்பது எனக்கு அன்று தெரியவில்லை. அடியிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில், அவள் துணி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே நான் பொரி தின்றுகொண்டிருந்தேன்.